கிளட்ச் மிதித்தால் கரகர சத்தமா? ரிலீஸ் பேரிங்கை மாற்றும் முறை

நியூட்ரலில் கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்து, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்தான், அதாவது பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங். காலை எடுத்தபின் வந்தால் கியர்பாக்ஸ் பேரிங்கைப் பாருங்கள்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. அப்புறம் கியர்பாக்ஸுக்கு அடியில் முட்டுக் கொடுத்து அதை நேராக வெளியே இழுங்கள், அதன் ஷாஃப்டில் தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட் வளைந்துவிடும். பழைய பேரிங்கை விரலால் சுற்றினால் மணல் அரைபடுவதுபோல் இருக்கும்.

புதியதைத் தயவுசெய்து மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் முனையில் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள், பிளேட்டில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. கியர்பாக்ஸை இறக்குவதுதான் பெரிய வேலை, அதனால் பிளேட் தேய்ந்திருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். கேபிள் கிளட்ச் என்றால் கடைசியில் பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) சரிபாருங்கள்.