வலி தணிந்தால் சந்தோஷப்படாதீர்கள்

கொழும்பில் அவசர சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடமாகத் தாதியாக இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, கத்துகிறவரை விட அசையாமல் கிடப்பவரைப் பாருங்கள் என்பதுதான். கல்லடைப்புக்காரர் புரண்டு துடிப்பார். வயிற்றறை முழுக்க அழற்சி பரவியவர் இருமக்கூடப் பயப்படுவார்.

வயதாக ஆகப் பெருங்குடல் சுவரில் சின்னப் பைகள் பிதுங்கும். அதில் ஒன்று வீங்கிப் புண்ணாவதுதான் டைவர்டிகுலைட்டிஸ். இடது அடிவயிற்று வலி, காய்ச்சல். நம் ஆசிய ஆட்களுக்கு வலது பக்கமும் வருவதால் அப்பென்டிக்ஸ் என்று ஏமாறுவதுண்டு.

நான் ஏமாந்தது வேறு மாதிரி. கொட்டாஞ்சேனை ஐயா ஒருவர், மூட்டுவாதத்துக்குப் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் மாத்திரை குடிப்பவர். நாலு நாளாக மலம் போகவில்லையாம். வலி? "இப்ப பரவாயில்லை பிள்ளை." காய்ச்சல் இல்லை, வயிறும் கல்லாக இல்லை. மலச்சிக்கல் என்று எழுதி எனிமாவும் எடுத்துவிட்டேன். பல்ஸ் மட்டும் 124. வரும் வழியில் ஒரு பள்ளத்தில் முச்சக்கரவண்டி குலுங்க அப்பா அலறிவிட்டார் என்று மகன் சொன்னதும் எனிமாவைக் கீழே வைத்தேன். குடல் ஓட்டையாகியிருந்தது. ஸ்டெரொயிட் காய்ச்சலையும் இறுக்கத்தையும் மறைத்துவிடும். கடும் வலி திடீரெனத் தணிவதும் ஓட்டையின் அடையாளமாக இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். நாளத்தில் ஏற்றும் குழாய், அதாவது கனுலா, பெரியதாக இரண்டு. இரத்தத்தில் லக்டேட் அளவும், கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரும். கிருமித்தொற்று உடல் முழுவதையும் தாக்கும் செப்சிஸ் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிலீட்டர் சேலைன் முதல் மூன்று மணித்தியாலத்துக்குள். இருதய நோயாளிக்கு நெஞ்சைக் கேட்டுக் கேட்டு ஏற்றுங்கள். டொக்டர் எழுதும் அன்டிபயோட்டிக், பெரும்பாலும் செஃப்ட்ரியாக்ஸோனும் மெட்ரோனிடஸோலும், ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. மோர்பின் கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்பது பழைய கதை. டைக்ளோஃபெனக் என்ற வலி மருந்தைத்தான் தவிர்க்க வேண்டும்.

நின்றபடி எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் கீழ் காற்றுத் தெரிந்தால் சத்திரசிகிச்சைக் குழுவை உடனே கூப்பிடுங்கள். தெரியாவிட்டால் ஓட்டை இல்லை என்று அர்த்தமில்லை, சிடி ஸ்கேன் வேண்டும். சின்னச் சீழ்க்கட்டி மருந்துக்கே வற்றலாம். மூன்று நாலு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் அநேகமாகக் குழாய் வைத்து வடிப்பார்கள். சீழோ மலமோ வயிறு முழுக்கப் பரவியிருந்தால் ஒப்பரேஷன் தியேட்டர்தான்.

அப்புறம், "சிறுநீரோடு காற்றுப் போகிறதா?" என்றும் கேளுங்கள். குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் வழி விழுந்திருந்தால் அப்படிப் போகும். வெட்கத்தில் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

லேசான நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது நான் சிட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பது: காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பல், கூடும் வலி. இதில் எது வந்தாலும் இரவில் வண்டி தேடாமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இலவசம்.