பீடிங்கில் சாதா கிரீஸ் தடவாதீங்க
வேலூர் கோட்டைப் பக்கம் பகல் முழுக்க வெயிலில் நிற்கும் காரில் முதலில் போவது கதவு பீடிங்தான், அதாவது கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டை. அக்னி நட்சத்திரத்தில் ரப்பர் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் மூலையில் கிழியும். என் காரில் பின்கதவின் மேல்மூலையில் அப்படித்தான், ஒரு விரற்கடை.

முதலில் சாதா கிரீஸ் தடவினேன். தப்பு. பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். சாதா கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய் எது பட்டாலும் ஊறி உப்பிவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், புழுதி அப்பும்.

அரை லிட்டர் தண்ணீரில் நாலைந்து சொட்டு கார் ஷாம்பு, ஒரு பழைய டூத் பிரஷ். மடிப்புக்குள் இருக்கும் கறுப்பு அழுக்கு தீரும்வரை தேய்த்து, நிழலில் முழுக்கக் காயவிடணும். ஈரம் இருந்தால் மேலே தடவுவது பிடிக்காது. பிறகு சிலிகான் கிரீஸ், கதவுக்கு ஒரு சுண்டைக்காய் அளவு. ஸ்பாஞ்சில் எடுத்துத் தேய்த்து, பத்து நிமிஷம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடணும். தடவியதே கண்ணுக்குத் தெரியக்கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

கிழிசலுக்கு வெதர்ஸ்ட்ரிப் பசை, அதாவது பீடிங் ஒட்டும் பசை. கதவை மூடாமல், ராத்திரி முழுக்க டேப் போட்டு வைத்தேன், பிடித்துக்கொண்டது.

வைப்பர் ரப்பரில் மட்டும் சிலிகான் படக்கூடாது. மழையில் கண்ணாடி மங்கலாகும். அதற்கு ஈரத்துணி போதும்.