அரிய குடும்பப் பெயரை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குடும்பப் பெயரை, பெயர்ப் பரவலைக் காட்டும் இணையதளத்தின் தேடுபெட்டியில் போட்டால், 'உலகில் 412 பேர்' என்பது போல ஒரு விடை உடனே வந்துவிடும். அந்த 412 பெரும்பாலும் யாரும் ஆள் ஆளாக எண்ணிச் சொன்னதல்ல. தொலைபேசி விவரப் புத்தகம், வாக்காளர் பட்டியல் என்று கையில் கிடைத்த பட்டியல்களில் அந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று பார்த்து, நாட்டின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பெருக்கி எடுத்த மதிப்பீடு. பரவலான பெயர்களுக்கு இந்த முறை ஓரளவு தாங்கும். அரிய பெயருக்குத் தாங்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மக்களில் 20 பேருக்கு ஒருவர் வீதம் அடங்கிய பட்டியலில் ஒரு பெயர் 3 முறை வந்தால், தளம் 60 என்று காட்டும். ஆனால் அந்த 3 தற்செயலாக 1 ஆகவோ 7 ஆகவோ வந்திருக்கலாம். 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது தற்செயல் ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்ட வரம்பு போட்டால், உண்மை எண் சுமார் 12 முதல் 175 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதே பட்டியலில் 300 முறை வரும் பெயருக்கு மதிப்பீடு 6,000. இடைவெளி ஏறக்குறைய 5,340 முதல் 6,720 வரைதான். இரண்டுமே திரையில் ஒரே தடிமனான எழுத்தில், ஒரே உறுதியோடு தெரியும். தொலைபேசிப் புத்தகம் மூலமாக இருந்தால் இன்னொரு கோணலும் சேரும்: அதில் இருப்பவர் வீட்டுக்கு ஒருவர், மீதிப் பேரை ஊகத்தால் சேர்க்க வேண்டும்.

தந்தை பெயரையே இரண்டாம் பெயராக வைக்கும் மக்களிடமும் இந்த எண்கள் தடம் புரளும். ஐஸ்லாந்தில் யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோட்டிர். அந்த மகனின் பிள்ளைகளுக்கு வேறு பெயர். படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எது இருக்கிறதோ அதைத் தளங்கள் எண்ணிக்கொள்கின்றன. அத்தகைய பெயரின் 'பரவல்', 'வளர்ச்சி' எல்லாம் வெறும் தோற்றம்.

பட்டியலில் இல்லை என்றால் பெயரே இல்லை என்று முடிவு கட்டுவது

அரசு வெளியிடும் பெயர்ப் பட்டியல்கள் உண்மையான எண்ணிக்கையிலிருந்து வருபவை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 63 லட்சம் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் பதிவாயின. வெளியிடப்பட்டவை 1,62,253 மட்டுமே; 100 பேருக்குக் குறைவாக உள்ள பெயர்கள் பட்டியலில் கிடையாது. ஒரே ஒருமுறை வந்தவை மட்டும் சுமார் 39 லட்சம். படிவத்தை இயந்திரம் தப்பாக வாசித்ததால் பிறந்த போலிப் பெயர்களும் அதில் அடக்கம், ஆகவே 'அமெரிக்காவில் 63 லட்சம் குடும்பப் பெயர்கள்' என்று எழுதுவதும் சரியாகாது.

ஆண்டுகளை ஒப்பிடும்போது இது பெரிய பொறி. 2000 ஆம் ஆண்டுப் பட்டியலில் 1,51,671 பெயர்கள். 1990 பட்டியலில் 88,799. இதைப் பார்த்துவிட்டு 'பத்தாண்டில் பெயர்கள் பெருகின' என்று எழுதுவார்கள். 1990 பட்டியல் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது, 2000 பட்டியல் முழுக் கணக்கெடுப்பிலிருந்து. ஒரு பெயர் முதலாவதில் இல்லாமல் இரண்டாவதில் இருந்தால், அது அந்த நாட்டுக்குப் புதிதாக வந்தது என்று பொருளல்ல. 2000 இல் 98 பேராக இருந்து 2010 இல் 103 ஆன பெயரும் 'திடீரெனத் தோன்றிய' பெயராகவே தெரியும்.

இந்தக் கோப்புகளில் எல்லாப் பெயரும் பெரிய எழுத்தில், மேற்கோள் குறியும் இடைவெளியும் நீக்கப்பட்டு இருக்கும். ஓ'பிரையன் அங்கே ஓபிரையன். டி லா குரூஸ் ஒரே சொல்லாக டிலாகுரூஸ். குறியோடு தேடி, கிடைக்கவில்லை என்று திரும்புகிறவர்கள் ஏராளம்.

ஒரே எழுத்துக்கூட்டை எண்ணுவது

அரிய பெயர் ஆய்வில் அதிக சேதம் இங்கேதான். பழைய தேவாலயப் பதிவேட்டில் பெயரை எழுதியவர் எழுத்தர். பெயருக்கு உரியவருக்கு எழுதப் படிக்கவே தெரியாமல் இருந்திருக்கும். காதில் விழுந்தது தாளில் ஏறியது. அண்ணன் பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஒரு எழுத்துக்கூட்டிலும் தம்பி பிள்ளைகளுடையது இன்னொன்றிலும் பதிவாகும். ஒரு கூட்டை மட்டும் எண்ணினால் குடும்பத்தில் பாதி காணாமல் போகும். ஒலி ஒத்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டால் அந்நியர்கள் உள்ளே வந்துவிடுவார்கள்.

இதற்கு இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தாரே கையொப்பமிட்ட, அல்லது தொடர்பற்ற இரண்டு ஆவணங்களிலாவது வரும் எழுத்துக்கூட்டுகள் முதல் பட்டியலில். எழுத்தர் பிழை, படியெடுத்தவர் பிழை என்று ஒருமுறை மட்டும் தலைகாட்டுபவை இரண்டாவதில். தேடும்போது இரண்டையும் பயன்படுத்தலாம். எண்ணிக்கை சொல்லும்போது முதல் பட்டியல் மட்டுமே பெயரின் வடிவங்கள்; இரண்டாவதில் உள்ள ஆளை, அவர் குடும்பம் எது என்று உறுதியானபின் உரிய வடிவத்தின் கீழ் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வடிவத்துக்கும் முதலில் கண்ட ஆண்டு, கடைசியாகக் கண்ட ஆண்டு, ஊர் என மூன்று கட்டம் போதும்.

தளங்களின் 'ஒத்த ஒலிப் பெயர்களையும் காட்டு' என்ற பொத்தானை நம்பிவிடக் கூடாது. பல தளங்களில் அதன் பின்னால் இருப்பது 1918 இல் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் வழிமுறை. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, அடுத்து வரும் மெய்களை மூன்று இலக்கமாக மாற்றும். ஆங்கில எழுத்து 'கே'யில் தொடங்கும் கார்ல்சனுக்கு கே-642, 'சி'யில் தொடங்கும் கார்ல்சனுக்கு சி-642. ஒலி ஒன்றுதான், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. நான்காவது மெய்க்குப் பின் என்ன இருந்தாலும் அதற்குக் கவலையில்லை என்பதால் நீண்ட பெயர்களில் குப்பையும் சேரும். அதைவிட, முதல் எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இட்டுத் தேடுவது மேல். பழைய கையெழுத்தில் நீள 'எஸ்' என்பதை 'எஃப்' ஆகவும், 'யு'வை 'என்' ஆகவும், பெரிய 'எல்' எழுத்தை 'எஸ்' ஆகவும் படியெடுத்திருப்பார்கள். அந்த மாற்றுகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். முதற்பெயரும் குடும்பப் பெயரும் கட்டம் மாறி ஏறியிருப்பதும் சகஜம், ஆகவே முதற்பெயர்க் கட்டத்திலும் ஒருமுறை தேடிவிடுவது நல்லது.

அகராதியைப் பார்த்துத் தோற்றம் சொல்வது

பெயரின் இன்றைய வடிவத்தை ஏதோ ஒரு மொழியின் சொல்லோடு பொருத்தி 'இதுதான் மூலம்' என்பது எளிது. லீ என்ற பெயர் இங்கிலாந்தில் இடப்பெயரிலிருந்து வந்தது. சீனத்திலும் கொரியாவிலும் அதே ஒலியுள்ள பெயருக்கு இதனோடு எந்த உறவும் இல்லை. இரண்டு எழுத்துப் பெயருக்கு மட்டும் நேரும் விபத்தல்ல இது. குடியேறிய ஊரின் நாக்குக்கு ஏற்பப் பெயர்கள் தேய்ந்து மாறும்போது, மூன்று நாடுகளில் பிறந்த மூன்று பெயர்கள் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து நிற்கும்.

ஆகவே வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் இடம், அடுத்து பழைய ஆவணம், கடைசியாகத்தான் பொருள். இங்கிலாந்துப் பெயரானால் 1881 கணக்கெடுப்பு நல்ல தொடக்கம். அங்கே பெயர் எந்த மாவட்டத்தில் குவிந்திருக்கிறது என்று பார்க்கும்போது ஆள் எண்ணிக்கையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் எந்தப் பெயரைப் போட்டாலும் வரைபடத்தில் பெருநகரம் சிவந்து தெரியும். விகிதம் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 300 பேர் கொண்ட ஒரு பெயர். 36 பேர் லண்டனில், 60 பேர் நான்கு லட்சம் மக்கள் உள்ள ஒரு மாவட்டத்தில். அன்று மொத்த மக்கள்தொகை சுமார் 2 கோடியே 60 லட்சம். லண்டனில் சுமார் 38.2 லட்சம், அதாவது 14.7 சதவீதம். பெயருக்கு உரியவர்களில் லண்டனில் இருப்போர் 12 சதவீதம். 12 ஐ 14.7 ஆல் வகுத்தால் 0.8: எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. அந்த மாவட்டமோ மக்கள்தொகையில் 1.5 சதவீதம், பெயரில் 20 சதவீதம்: விகிதம் 13. தேட வேண்டிய தேவாலயப் பதிவேடுகள் அந்த மாவட்டத்துடையவை. இங்கிலாந்தில் அவை 1538 இல் தொடங்கப்பட்டவை, பல ஊர்களில் மிஞ்சியிருப்பது அதற்கு வெகுகாலம் பிந்தியதுதான்.

எவ்வளவு பின்னோக்கிப் போக முடியும் என்பதை அந்த நாட்டின் சட்டம் தீர்மானிக்கும். ஜப்பானில் குடும்பப் பெயர் எல்லோருக்கும் கட்டாயமானது 1875 இல். துருக்கியில் 1934. நெதர்லாந்தில் பெயர் இல்லாதவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்ற நெப்போலியனின் ஆணை 1811. இந்த எல்லைக்கு முன்னால் அதே பெயரைத் தேடினால், பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைக்காது. கிடைத்தால் அது வேறு யாரோவாக இருக்க வாய்ப்பு அதிகம். பிலிப்பைன்ஸ் இதில் தனி ரகம். அங்கே ஸ்பானிய ஆட்சியின் ஆளுநராக இருந்த கிளாவேரியா 1849 இல் பெயர்ப் பட்டியல் புத்தகம் ஒன்றை அச்சிட்டு, ஊர் ஊராகப் பக்கங்களைப் பிரித்துக் கொடுத்துப் பெயர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதனால்தான் ஓர் ஊரில் பெரும்பாலான பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குவது இன்றும் சில இடங்களில் தெரிகிறது. அங்கே ஸ்பானியக் குடும்பப் பெயர் இருப்பதால் ஸ்பானிய மூதாதை இருந்தார் என்று சொல்ல முடியாது.

'எல்லிஸ் தீவு அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்' என்ற கதை பல குடும்பங்களில் உண்டு. 1892 முதல் 1954 வரை நியூயார்க்கில் இயங்கிய அந்தக் குடியேற்ற நிலையத்தில், புறப்பட்ட துறைமுகத்தில் தயாரித்த கப்பல் பயணிகள் பட்டியலை வைத்துத்தான் ஆட்களைச் சரிபார்த்தார்கள். பெயர் மாற்றம் பெரும்பாலும் அதற்குப் பிறகு, குடும்பமே செய்துகொண்டது. பழைய எழுத்துக்கூட்டு வேண்டுமானால் அந்தப் பயணிகள் பட்டியலையும் குடியுரிமை மனுவையும் பார்க்க வேண்டும்.

அரிதென்றால் பழமை, அரிதென்றால் மேன்மை

குடும்பப் பெயர்கள் ஏன் அற்றுப்போகின்றன என்ற கேள்விக்கு கால்டன், வாட்சன் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் 1870களில் கணக்குப் போட்டார்கள். பெயர் மகன் வழியே செல்கிறது, ஓர் ஆணுக்குச் சராசரியாக ஒரு மகன், எண்ணிக்கை மட்டும் தற்செயலாக மாறுகிறது (கணிதத்தில் பாய்சான் பரவல் எனப்படும் முறையில்) என்று வைத்துக்கொண்டால், ஒருவரில் தொடங்கும் பெயர் முதல் தலைமுறையிலேயே அற்றுப்போக 37 சதவீத வாய்ப்பு. ஐந்து தலைமுறையில் 73, பத்தில் 84. போரும் கொள்ளைநோயும் இல்லாமலே இந்த நிலை. ஒரு பெயர் அருகியிருப்பதற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. பெருகிய பெயருக்குத்தான் தேட வேண்டும். 'இந்தப் பெயருக்கு உரிய குலச்சின்னம்' என்று சட்டகம் போட்டு விற்கும் கடைகளை ஒதுக்கிவிடலாம். இங்கிலாந்தில் சின்னம் வழங்கப்படுவது ஒரு தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும், பெயருக்கு அல்ல.

பெயர் தேய்கிறதா என்று பார்க்கவும் தனி எண் உதவாது. 1881 இல் 300 பேர், 2011 இல் 420 பேர் என்றால் வளர்ந்ததாகத் தோன்றும். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகை அதற்குள் 5 கோடியே 61 லட்சம் ஆகிவிட்டது. பத்து லட்சத்துக்கு 11.5 பேர் என்பது 7.5 ஆகக் குறைந்திருக்கிறது. பிறப்புப் பதிவு அட்டவணையிலிருந்து எண்ணுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு, ஆகவே டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் கணக்கில் இருக்கலாம்.

ஒரே பெயர், ஒரே ரத்தம்?

தாய்லாந்தில் இதற்கு ஏறக்குறைய ஆம் எனலாம். 1913 சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று தனிப் பெயரைப் பதிந்துகொண்டதால் அங்கே அரிய பெயரே வழக்கம். மற்ற இடங்களில் சோதிக்க வேண்டும். டூரி கிங், மார்க் ஜோப்ளிங் என்ற மரபணு ஆய்வாளர்கள் இருவரும் 2009 இல் 40 பிரிட்டிஷ் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களின், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். ஸ்மித் போன்ற பெயரில் பொது மூதாதைக்கான தடயம் இல்லை. அட்டன்பரோ போன்ற அரிய பெயரில் பெரும்பான்மையோர் ஒரே வழியினர்.

பெரும்பான்மை என்பதைக் கவனிக்க வேண்டும். தத்து, மணத்துக்கு வெளியே பிறப்பு, தாய் பெயரை ஏற்பது எல்லாம் சேர்ந்து ஒரு தலைமுறைக்கு 2 சதவீதம் வழி மாறுகிறது என்று வைத்தால், 20 தலைமுறைக்குப் பின் மூலவரின் குரோமோசோம் மிஞ்சுவது 67 சதவீதத்தினரிடம். 1 சதவீதம் என்றால் 82. ஆகவே இரண்டே பேர் சோதித்து, பொருந்தவில்லை என்றதும் 'இரண்டு தனிக் குடும்பங்கள்' என்று எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு கிளையிலும், ஆவணத்தில் மிகத் தொலைவில் பிரியும் இரண்டு ஆண்களையாவது சோதிக்க வேண்டும். அவர்கள் இருவரும் பொருந்தினால்தான் அது அந்தக் கிளையின் அடையாளம்.

முடிவுகளை வெளியிடும்போது, 40 பேரே உள்ள பெயரில் பிறந்த ஆண்டும் ஊரும் போட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். உயிரோடிருப்பவர்கள் விஷயத்தில் நாடு, பத்தாண்டு என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, 5 க்குக் குறைவான எண்ணிக்கைகளை '5 க்குக் கீழ்' என்று மட்டும் எழுதுங்கள். மரபணு முடிவை, சோதித்துக்கொண்டவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் கிளைப் பெயரோடு சேர்த்துப் போட வேண்டாம்.