தொழில் வேற, தர்மம் வேறயா?

திருநெல்வேலிப் பக்கம் கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினால் 'தொழில் வேற, தர்மம் வேற' என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். முதல் தவறே அதுதான்.

பீடியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் மடியில் தட்டை வைத்து, இலையை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி ஆயிரம் பீடி முடிப்பதற்குள் ஒரு பெண்ணுக்குப் பகல் முழுக்கப் போய்விடும். என் அம்மாவும் சுற்றியவர்தான். இலை ஓட்டையும் கிழிசலுமாக வரும், ஆயிரத்துக்குக் காணாது, குறைந்ததைக் கைக்காசு போட்டு வாங்கித்தான் கணக்கை நேர் செய்வார். கொண்டுபோய்க் கொடுத்தால் ஏஜெண்ட் ரெண்டு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு கை பீடியைக் 'கழிவு' என்று ஒதுக்குவார்; அதற்குக் கூலியும் கிடையாது, பீடியும் திரும்பி வராது. முதலாளியிடம் கேட்டால் 'அது ஏஜெண்ட் பார்க்கிற வேலை' என்பார். இது இரண்டாவது தவறு. பீடித் தொழிலாளர்களுக்கு 1966-லேயே தனிச் சட்டம் வந்தாச்சு, வீட்டில் இருந்து சுற்றுபவர்களுக்கும் சேர்த்துத்தான். லேபிளில் உங்கள் பெயர் இருக்கும்போது சுற்றியவர் கூலி மட்டும் எப்படி உங்களுக்குத் தெரியாத விஷயமாகும்?

'எல்லாரும்தான் செய்றாங்க' என்பது அடுத்தது. ரயில் ஏறப்போகிறவர் திரும்பி வந்து சண்டை போடமாட்டார் என்ற தைரியத்தில் டால்டா கலந்து 'நெய் அல்வா' என்று கட்டிக்கொடுப்பது அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அப்புறம், ஆனித் தேரோட்டத்துக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டாச்சு, கணக்கு நேராகிவிட்டது என்று நினைப்பது. பந்தல் போடுங்கள், நல்லதுதான். ஆனால் பிடித்த கூலி பிடித்ததுதான், அது யாரிடம் போக வேண்டுமோ அவர் வேறு ஆள்.

தர்மம் பார்த்தால் தொழில் படுத்துவிடும் என்று பயப்படுபவர்கள் நம்ம வ.உ.சி.யை நினைத்துப் பாருங்கள். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர், 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். அவரும் ஒரு கம்பெனி நடத்தியவர்தானே, மில்காரர் பக்கம் நின்றிருக்கலாம். கம்பெனி பிறகு நொடித்தது உண்மை, ஆனால் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியதும் அவரைச் சிறையில் போட்டதும்தான் காரணம், தொழிலாளிக்காகப் பேசியது இல்லை.

சரி, எங்கே தொடங்குவது என்றால், அடுத்த வாரம் இலை எடை போடும் நாளில் ஏஜெண்டிடம் சொல்லாமல் போய்த் தராசு பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.