சீனப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பினாங்கில் கல்யாண ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். சீனக் குடும்பங்களும் தமிழ்-சீனக் கலப்பு ஜோடிகளும் எங்களிடம் நிறைய வருவார்கள். துங் ஷிங் என்னும் சீனப் பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் எங்கள் வேலை ஓடாது. புதிதாகச் சேரும் பிள்ளைகள், ஆரம்பத்தில் நாங்களெல்லாம் செய்த அதே கூத்தைத்தான் செய்கிறார்கள். சீனப் புத்தாண்டுப் பெருநாளன்று வீடு பெருக்காதே, நான்காம் எண்ணைச் சொல்லாதே என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'நல்ல நாள்' என்று மொட்டையாகச் சொல்வது

துங் ஷிங்கில் பொதுவான நல்ல நாள் என்று ஒன்று கிடையாது. எந்த நாளை எடுத்தாலும் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றில் அன்றைக்குச் செய்யத் தகுந்தவை, மற்றதில் தவிர்க்க வேண்டியவை. பெண் எடுப்பது, நிச்சய சீர் கொடுப்பது, கட்டில் போடுவது, குடி போவது, கடை திறப்பது, மண் தோண்டுவது, முடி வெட்டுவது, அடக்கம் செய்வது எல்லாம் தனித்தனி வரிகள். அடக்கத்துக்கு உகந்த நாளில் கல்யாணம் கூடாது என்று போட்டிருக்கலாம். பன்னிரண்டு நாள் சுழற்சியில் 'உடைப்பு நாள்' என்று ஒன்று வரும். எந்தச் சுபகாரியத்துக்கும் ஆகாது, ஆனால் பழைய சுவரை இடிக்க அதைவிட நல்ல நாள் இல்லை.

எங்கள் பையன் ஒருவன் கல்யாணத்துக்கு மட்டும் நாள் பார்த்துவிட்டு, கட்டிலைக் கொண்டுபோய் இறக்க லாரிக்காரருக்கு வசதிப்பட்ட நாளைக் குறித்துவிட்டான். சீனக் கல்யாணத்தில் புதுக் கட்டில் போடுவது தனிச் சடங்கு. அதற்கென்று தனி நாள், தனி நேரம் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களின் விலங்கு

எனக்கு இன்னும் எரிச்சல் தீராதது இதுதான். பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலங்கு உண்டு. அதற்கு எதிரான விலங்கின் ஆண்டில் பிறந்தவர்களுக்கு அன்று மோதல். எலிக்குக் குதிரை, மாட்டுக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி. நமக்குச் சந்திராஷ்டமம் எப்படியோ அப்படித்தான்: ஊருக்கே நல்ல நாளாக இருந்தாலும் அந்த ஆளுக்கு மட்டும் ஆகாது. அதனால் மணமக்கள் இருவருக்கும் மோதாத நாளாகத் தேட வேண்டும். சில வீடுகளில் பெற்றோருக்கும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இதுவரை எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள். சிக்கல், பிறந்த ஆண்டின் விலங்கு எந்தத் தேதியில் மாறுகிறது என்பதில். ஜனவரி 1 இல்லை, அது தெரியும். சீனப் பெருநாளன்று மாறுகிறது என்பது பொதுவழக்கம். நாள் குறிக்கும் சின்சேக்களில், அதாவது சீன ஜோதிடர்களில், பலர் அப்படிக் கணக்கிடுவதில்லை. அவர்களுக்கு ஆண்டு மாறுவது லிச்சுன் அன்று, அதாவது வசந்தம் தொடங்கும் நாளில். அது சூரியக் கணக்கு என்பதால் பிப்ரவரி 4ஐ ஒட்டியே வரும். பெருநாளோ ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் எங்கும் விழும்.

ஒரு கலப்புக் கல்யாணம். மாப்பிள்ளை தமிழர். பெண் சீனப்பெண், பிறந்தது 1990 ஜனவரி 30. அந்த ஆண்டு பெருநாள் ஜனவரி 27 என்பதால், பெண் குதிரை என்று வீட்டில் எல்லோரும் சிறு வயதிலிருந்து சொல்லிவந்தார்கள். பிறந்தநாள் கேக்கில்கூடக் குதிரைதான். ஆக, எலி நாள்களை எல்லாம் கவனமாக விலக்கினார்கள். நம் பஞ்சாங்கத்தில் வளர்பிறை முகூர்த்தம், துங் ஷிங் ஆப்பில் 'திருமணத்துக்கு உகந்தது', கிழமை ஞாயிறு. மூன்றும் கூடிவந்தது ஒரு பன்றி நாளில். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, மும்மொழியில் பத்திரிகை அடித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் பெண்ணின் அப்பா, சாஸ்திரத்துக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று சின்சேயிடம் போனார்.

சின்சே பிறந்த தேதியைப் பார்த்ததும், "குதிரை இல்லை, பாம்பு" என்றார். லிச்சுன் வர இன்னும் நான்கைந்து நாள் இருந்ததே! பாம்புக்கு மோதுவது பன்றி. எதைத் தவிர்க்க நினைத்தார்களோ அதிலேயே போய் விழுந்திருக்கிறார்கள்.

பாட்டி அடம்பிடித்துவிட்டார். முன்பணம் போனது, பத்திரிகை பழைய பேப்பர் கடைக்குப் போனது. மாற்று நாள் தேடினால் ஆடி குறுக்கே நின்றது. ஆடி முடிந்தால் சீனர்களின் ஏழாம் மாதம், பேய் மாதம். அதில் அவர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கலப்பு ஜோடிகளுக்கு இது பெரிய தலைவலி. 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 16 வரை ஆடி. ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 21 வரை ஏழாம் மாதம். அது முடிவதற்குள்ளேயே புரட்டாசி பிறந்துவிடுகிறது. ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளக்கூடியவை ஆவணித் தொடக்கத்தில் ஆறே ஆறு நாள், அதுவும் தேய்பிறை!

எந்தக் கணக்கு சரி என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. ஜனவரி 21 முதல் பிப்ரவரி 20 வரை பிறந்தவர் யாராவது இருந்தால், "உங்கள் சின்சே பெருநாளை வைத்துக் கணக்கிடுகிறாரா, லிச்சுனை வைத்தா?" என்று பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஒரு நிமிடக் கேள்வி. அதைக் கேட்காமல் மண்டபக்காரரிடம் ஓடுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விருந்தையும் சடங்கையும் ஒரே நாளில் கட்டிப்போடுவது

நாள் பார்ப்பது பெண்ணை அழைத்து வருவதற்கும் தேநீர்ச் சடங்குக்கும்தான். விருந்தைப் பல குடும்பங்கள் வேறொரு சனிக்கிழமைக்குத் தள்ளிவிடும்.

எல்லாமே நிலாக் கணக்கு என்று நினைப்பது

செங் பெங் என்னும் கல்லறை வழிபாடு எந்தப் பிறையில் வருகிறது என்று தேடாதீர்கள். அது சூரியன் நகரும் 24 பருவப் புள்ளிகளில் ஒன்று, ஏப்ரல் 4 அல்லது 5ஐ ஒட்டியே வரும். டிசம்பர் 21, 22 வாக்கில் மாவுருண்டை செய்து சாப்பிடும் தோங்ஸியும் அப்படித்தான். எட்டாம் மாதப் பௌர்ணமியில் வரும் மூன்கேக் திருவிழா, பேய் மாதம், பெருநாள் ஆகியவை நிலாவைப் பின்பற்றுபவை. இரண்டு கணக்கும் விலகிப்போகாமல் இருக்க 19 ஆண்டில் 7 முறை ஒரு மாதத்தை இரட்டிப்பார்கள். 2006இல் ஏழாம் மாதமே இரண்டு முறை வந்தது. அந்த மாதிரி ஆண்டில் மண்டபக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

'வசந்தம் இல்லாத ஆண்டு' என்று பயந்து ஓடுவது

2024இன் டிராகன் ஆண்டுக்குள் லிச்சுன் வரவில்லை. பெருநாளுக்கு முன்பே ஒன்று வந்துபோனது, அடுத்தது ஆண்டு முடிந்த பிறகுதான் வந்தது. இப்படிப்பட்ட ஆண்டில் கல்யாணம் ஆகாது என்று சொல்லிப் பலர் 2023லேயே முடிக்க அவசரப்பட்டார்கள். 12 மாதங்களே உள்ள ஆண்டு குட்டையானது, அதனால் லிச்சுன் வெளியே விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான். 19 ஆண்டுச் சுழற்சியில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இப்படி வரும். அத்தனை ஆண்டுகளிலும் கல்யாணம் நடக்காமலா இருந்தது? பாட்டி கவலைப்பட்டால், லிச்சுன் இரண்டு முறை வரும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களாகக் கிளப்பிவிடாதீர்கள்.

நள்ளிரவு வரை காத்திருப்பது

பழைய கணக்கில் எலி நேரம் இரவு 11 மணிக்குத் தொடங்கும், நாளும் அதோடு மாறிவிடும். பெருநாளின் ஒன்பதாம் நாள் நடக்கும் தீ கொங் (வானுலக அரசர்) வழிபாட்டுக்கு எட்டாம் நாள் இரவே கரும்பு கட்டியிருக்க வேண்டும்.

பழைய பிரதியை வைத்து நாள் பார்ப்பது

செய்யாதீர்கள்.

வேறு ஊரில் கணித்ததை அப்படியே எடுப்பது

1978இல் மூன்கேக் திருவிழா ஹாங்காங்கில் செப்டம்பர் 16, சீனாவில் 17. அந்த மாத அமாவாசை, 120 பாகைத் தீர்க்கரேகையை வைத்த பெய்ஜிங் நேரப்படி செப்டம்பர் 3 அதிகாலை 12:09க்கு. ஹாங்காங் பஞ்சாங்கங்கள் பழைய பெய்ஜிங் உள்ளூர் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தன. அது சுமார் 14 நிமிடம் பின்னால், அதாவது 2ஆம் தேதி இரவு 11:55. மாதமே ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிட்டது. இன்று அச்சாகும் துங் ஷிங்குகளில் தேதி அநேகமாக ஒத்துப்போகும். 'தகுந்தவை, தகாதவை' பத்திகளில் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு பார்க்கலாம். பெண் வீட்டுச் சமையலறைச் சுவரில் எந்தத் துங் ஷிங் தொங்குகிறதோ அதே பதிப்பை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.