பைராய்ட் ஓபரா விழாவுக்கு முதல் முறை போகிறீர்களா?

பைராய்ட் டிக்கெட்டுக்குப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். இப்போது இணையத்தில் நேரடி விற்பனை வந்துவிட்டது. கொஞ்சம் விழிப்பாக இருந்தால் டிக்கெட் கிடைத்துவிடும். கிடைத்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய வேலை.

ஜெர்மனியின் பவேரியாவில் இருக்கும் சின்ன ஊர் பைராய்ட். ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் தன் ஓபராக்களுக்கென்றே அங்கே ஓர் அரங்கம் கட்டி, 1876-இல் விழாவைத் தொடங்கினார். இன்றும் அங்கே வாக்னரைத் தவிர வேறு யாருடைய ஓபராவும் கிடையாது. வழக்கமாக ஜூலை 25 அன்று தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை நடக்கும்.

படி 1: எதைப் பார்ப்பது?

‘ரிங்’ என்ற பெயரைக் கேட்டு ஆசைப்பட்டுவிடாதீர்கள். அது நான்கு ஓபராக்கள் சேர்ந்த தொடர்; நான்கு இரவு, மொத்தம் பதினைந்து மணி நேரத்துக்குப் பக்கம். புதியவர்களுக்கு நான் சொல்வது ‘பறக்கும் டச்சுக்காரன்’. இடைவேளை இல்லாமல் இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லா ஓபராவும் எல்லா வருஷமும் இருக்காது. அந்த வருஷம் டச்சுக்காரன் இல்லையென்றால் ‘லோஹன்கிரின்’ அல்லது ‘டான்ஹாய்சர்’.

படி 2: டிக்கெட்

விழாவின் அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே கணக்கு தொடங்கி வையுங்கள். விற்பனை திறக்கும் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். அதைத் தளத்தில் பார்த்து, ஜெர்மன் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், மூன்று தேதி மனதில் இருக்கட்டும். முதல் நாள் காட்சிக்கு அரசியல்வாதிகளும் பிரபலங்களும் வருவார்கள், அதை விட்டுவிடுங்கள்.

மேல்மாடத்தில் தூண் மறைக்கும் மலிவான இருக்கைகள் உண்டு. மேடை பாதிதான் தெரியும், ஆனால் ஒலி அங்கேயும் அருமையாக இருக்கும். வாத்தியக்குழு மேடைக்குக் கீழே மூடிய பள்ளத்தில் உட்கார்ந்து வாசிப்பதால் சத்தம் முதலில் மேடைக்குப் போய், பாடகரின் குரலோடு கலந்துதான் நம்மிடம் வருகிறது.

டிக்கெட்டில் பெயர் அச்சாகியிருக்கும். அதனால் ஏதோ ஒரு தளத்தில் மூன்று மடங்கு விலைக்கு வாங்கி ஏமாறாதீர்கள். டிக்கெட் கைக்கு வந்த பிறகு விசா, அப்புறம் தங்கும் இடம். ஊருக்குள் அறை கிடைக்காவிட்டால் ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் நூரன்பெர்க் இருக்கிறது.

படி 3: கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

இதைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். பைராய்டில் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு ஓடும் பலகை கிடையாது. பாடுவது ஜெர்மன். பாடல் வரிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரு தடவை படித்துவிட்டு, இன்னொரு தடவை ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டே வரிகளைப் பின்தொடருங்கள். கதை தெரியாமல் விடிய விடியக் கூத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் ஆகும்.

படி 4: அந்த நாள்

பெரும்பாலான காட்சிகள் மாலை 4 மணிக்கே தொடங்கும். டச்சுக்காரன் 6 மணிக்கு. ரயில் நிலையத்திலிருந்து, அரங்கம் இருக்கும் ‘பச்சைக் குன்று’க்குக் கால் மணி நேர நடை. எல்லோரும் கோட்டு, நீளமான கவுன் என்று வருவார்கள். கட்டாயம் ஒன்றும் இல்லை, பட்டுப் புடவை அங்கே எடுப்பாகவே இருக்கும். ஆனால் அரங்கத்தில் ஏசி கிடையாது, அது ஆகஸ்ட் மாதம் என்பதை மறக்க வேண்டாம்.

நம் சபா நாடகங்களில் மூன்றாவது மணி அடிப்பதுபோல், இங்கே வாசலுக்கு மேலிருக்கும் மாடத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் வந்து நின்று ஊதுவார்கள். 15 நிமிஷம் இருக்கும்போது ஒரு தடவை, 10 நிமிஷத்தில் இரண்டு, 5 நிமிஷத்தில் மூன்று. இரண்டாவதிலேயே உள்ளே போய்விடுங்கள். காரணம் உண்டு: வரிசைகளுக்கு நடுவே பாதையே இல்லை. நடு இருக்கைக்காரர் வந்து சேரும் வரை ஓரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்தே நிற்பார்கள். முப்பது பேர் உங்களுக்காக நிற்பது அத்தனை சுகமான அனுபவம் அல்ல. கதவைச் சாத்திவிட்டால் அந்த அங்கம் முடியும் வரை திறக்க மாட்டார்கள். கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள்.

இருக்கை மரம், மெத்தை பெயருக்குத்தான், கை வைக்கவும் இடமில்லை. ஆனால் இடைவேளை ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். வெளியே வந்து ஒரு பிராட்வுர்ஸ்ட் (ஜெர்மன் சாசேஜ்) சாப்பிட்டுவிட்டு, தோட்டத்தில் நன்றாகக் காலை நீட்டி நடக்கலாம்.

நடுவில் கை தட்டாதீர்கள். கடைசியில் தட்டலாம், மரத் தரையைக் காலால் உதைக்கலாம், எல்லோரும் உதைப்பார்கள். இயக்குநரைப் பிடிக்காவிட்டால் ‘பூ’ என்று ஊளையிடுவதும் அங்கே சகஜம். நூரன்பெர்க்கில் தங்கியிருந்தால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வையுங்கள். நீளமான ஓபரா முடிய இரவு 10 மணி தாண்டிவிடும்.