டூட்டியை விடாமல் மேலே படிக்க

உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்திலிருந்து மதுரைக்கு வேலைக்கு வரும், ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ முடித்த தங்கச்சிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, வேலையை விட்டால்தான் மேலே படிக்க முடியுமா?" விட வேண்டாம். நானும் ஜிஎன்எம் முடித்து வார்டுக்கு வந்தவள்தான். சம்பளம் வீட்டுக்கு வேண்டியிருந்தது. வேலையில் இருந்தபடியே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்து, இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியு இன்சார்ஜாக இருக்கிறேன். வார்டில் நிற்பதே பாதிப் படிப்பு. அந்தப் பாதியை வீணாக்காமல் இருந்தால் மீதிப் பாதி கைக்கு வரும்.

முதலில் எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள். ஜிஎன்எம் முடித்தவர்களுக்குப் பட்டம் என்றால் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். கல்லூரிக்குப் போய்ப் படித்தால் 2 வருடம், முழு நேரம். நான் படித்தது இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியில். நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்று 2 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், நுழைவுத் தேர்வும் உண்டு. அந்த வருட அறிவிப்பில் படிப்பு இருக்கிறதா என்பதைச் சிக்கந்தர்சாவடியில் உள்ள மண்டல மையத்தில் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். தொலைநிலை என்றாலும் செய்முறை வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். "அட்டெண்டன்ஸ் தேவையில்லை, பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் அப்படி ஒரு இடத்தில் பணம் கட்டிவிட்டு, கடைசியில் கவுன்சிலில் பதிய முடியாமல் நின்றாள். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் மூன்றின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

பட்டம் இப்போதைக்கு முடியாது என்றால் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது: கிரிட்டிகல் கேர், ஆபரேஷன் தியேட்டர், பச்சிளம் குழந்தை, புற்றுநோய் என்று பல பிரிவுகள். பி.எஸ்சி. முடித்து ஐசியுவில் இருப்பவர்களுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிகல் கேர் என்ற 2 வருட முதுகலைப் படிப்பைத்தான் சொல்வேன். அதில் பெரும்பகுதி நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நடக்கும். எம்.எஸ்சி. நர்சிங் அஞ்சல் வழியில் கிடையாது, அதை நம்பி அலைய வேண்டாம். எதை எடுத்தாலும் நீங்கள் நிற்கும் வார்டோடு ஒட்டியதாக எடுங்கள். லேபர் ரூமில் இருப்பவர், தோழி எடுத்தாள் என்பதற்காக மனநலம் எடுத்தால், படிப்பு ஒரு பக்கம் வேலை ஒரு பக்கம் இழுக்கும்.

சரி, நேரம்? எனக்கு உதவியது தனி டைம்டேபிள் இல்லை, அன்றைய கேஸ்தான். உதாரணத்துக்கு, வயலில் பாம்பு கடித்து ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். நாம் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பார்க்கிறோம். உறையவில்லை என்றால் டாக்டரிடம் சொல்கிறோம், விஷமுறிவு மருந்து ஏறுகிறது. அன்று வீட்டுக்குப் போனதும் அந்த ஒரு கேஸுக்குரிய பக்கங்களை மட்டும் திறந்தேன். கண்ணாடி விரியனின் விஷம் உறைபொருள்களை எப்படித் தீர்த்துவிடுகிறது, பிளாஸ்டிக் குழாய் ஏன் கூடாது (கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தொடங்கி வைக்கிறது), சிறுநீர் அளவை ஏன் மணிக்கு மணி குறிக்கச் சொல்கிறார்கள் (அந்த விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்). கையால் செய்த வேலைக்குக் காரணம் தெரிந்துவிட்டால் அது மறக்காது. தேர்வில் ரத்த உறைதல் பற்றிக் கேட்டால் அந்த மனிதரின் கால் வீக்கம்தான் எனக்கு நினைவுக்கு வரும், விடை தானாக வரும். ஒரு நோட்டு போட்டு, ஒரு கேஸுக்கு ஒரு பக்கம் என்று எழுதுங்கள். நோயாளியின் பெயர், ஐபி எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

நைட் டூட்டி முடிந்த காலையில் புத்தகத்தைத் தொடாதீர்கள். தூங்குங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் மருந்து கொடுக்கும் கை தடுமாறும், அது படிப்பைவிடப் பெரிய விஷயம். எனக்கு டே ஆஃப் அன்று காலை மூன்று மணி நேரமும், உசிலம்பட்டி பஸ்ஸில் போகும் ஒரு மணி நேரத்துக்கு மேலான பயணமும் கிடைத்தன. வீட்டில் இடமில்லாதவர்களுக்கு நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரிய வரம்.

அடுத்தது லீவ். செய்முறை வகுப்பு, தேர்வுத் தேதி தெரிந்த அன்றே இன்சார்ஜ் சிஸ்டரிடம் எழுதிக் கொடுங்கள், ரோஸ்டர் போட்ட பிறகு போய் நிற்காதீர்கள். லீவ் கேட்பதற்கு முன்னால் மற்றவர்களுக்கு விட்டுக் கொடுத்து வையுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று எல்லோருக்கும் ஆஃப் வேண்டும். கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது, டூட்டிக்கு வந்து சேர்வதே பாடு. அந்த நாள் டூட்டியை நீங்கள் எடுத்துக்கொண்டால், தேர்வு வாரத்தில் உங்கள் டூட்டியைப் பார்க்க ஆள் கிடைப்பார்கள். வீட்டிலும் இப்படித்தான். மாமியாரிடமும் கணவரிடமும் தேதியைச் சொல்லி, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இங்கிலீஷ் பயம் இருக்கும். அதற்கும் வார்டிலேயே வழி இருக்கிறது. நர்சஸ் நோட்ஸில் இரண்டு சொல் கிறுக்காமல் முழு வாக்கியமாக எழுதுங்கள். டே ஆஃப் அன்று ஒரு பெரிய கேள்விக்குக் கையால் விடை எழுதி, சீனியரிடம் காட்டுங்கள்.

குறுகிய பயிற்சிகளையும் விடாதீர்கள். பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை 2 வருடத்துக்குத்தான் செல்லும், காலாவதி ஆகும் முன் புதுப்பியுங்கள். பதிவைப் புதுப்பிக்க 5 வருடத்தில் 150 மணி நேரத் தொடர்கல்வி என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. ஆகவே மருத்துவமனையில் நடக்கும் கருத்தரங்கின் சான்றிதழைக்கூடத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் வையுங்கள்.

மருத்துவமனை கட்டணம் கட்டுகிறது என்றால் பாண்டில் (ஒப்பந்தப் பத்திரத்தில்) எத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும், இடையில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

ரிசல்ட் வந்து சான்றிதழ் கைக்குக் கிடைத்ததும், கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிந்துவிடுங்கள். பதிந்ததன் நகலோடு மேட்ரனுக்கும் எச்ஆருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்: இந்தத் தகுதி பெற்றிருக்கிறேன், பதவியையும் சம்பளத்தையும் மறுபரிசீலனை செய்யுங்கள் என்று. அதை வாய்மொழியாகச் சொன்னால் போதாது. பெற்றுக்கொண்டதாக உங்கள் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.